பத்திரம் பதியாத பதிவாளர்

எங்கள் தெருவுக்கு ஒரு பதிவாளர் உண்டு. புதிதாக மனை வாங்கிய ஒருவர் பட்டப்பெயரை மட்டும் கேள்விப்பட்டு, கையில் முத்திரைத்தாளோடு போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். கதவைத் திறந்த மனுஷர் உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்க, சிங்கப்பூர் ஓடிட்டிருக்கு" என்றாராம். வந்தவர் இங்கே ஏதோ பெரிய வில்லங்கம் இருக்கிறது என்று வந்த வழியே திரும்பிவிட்டார்.

நம்மவர் பதிவது இணைய வானொலியை. சிங்கப்பூரின் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல் எஃப்எம், லண்டனிலிருந்து ஒன்று, கனடாவிலிருந்து இரண்டு என்று தமிழ் எங்கெல்லாம் காற்றில் வருகிறதோ, அங்கெல்லாம் ஒரு பாத்திரத்தை ஏந்திக்கொண்டு நிற்பவர். இந்த இனத்தார் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். மேஜைக்கடியில் யுபிஎஸ் முனகிக்கொண்டிருக்கும். வீட்டில் எந்தக் கடிகாரமும் சரியாக ஓடாது. ஆனால் டொராண்டோவில் இப்போது மணி என்ன என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள்.

சத்தம் போடாதே என்றாரே, அதற்கு ஒரு பூர்வ கதை இருக்கிறது. ஸ்ட்ரீமைக் கம்ப்யூட்டர் நேரடியாகப் பிடித்து எழுதும்போது பக்கத்தில் ஆயிரம்வாலா வெடித்தாலும் பதிவில் விழாது. அவருக்கும் தெரியும். ஆனால் அவர் கேசட் காலத்துப் பிள்ளை. ரேடியோவுக்கு முன்னால் டேப்ரிகார்டரை வைத்து, பிளே பட்டனையும் சிவப்புப் பட்டனையும் ஒருசேர அழுத்திவிட்டு, வீடு முழுக்க மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்த தலைமுறை. அப்படிப் பதிந்த ஒரு பாட்டில் இரண்டாவது சரணத்தில் குக்கர் விசிலும், முடிவில் "யாருடா அது வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டது" என்று அவர் அப்பாவின் குரலும் உண்டு. இன்றைக்கும் அந்தப் பாட்டைத் துல்லியமான பதிப்பில் கேட்டால், செருப்பு வரவில்லையே என்று ஒரு கணம் தவித்துப்போகிறார்.

கம்ப்யூட்டரில் அவருடைய ஆரம்பம் தடுமாற்றம்தான். ஆடாசிட்டி என்ற மென்பொருளை நிறுவிக்கொண்டார். ஸ்பீக்கருக்குப் போகிற ஒலியை அப்படியே பிடிக்க விண்டோஸில் ஸ்டீரியோ மிக்ஸ் என்று ஒன்று வேண்டும். அது இருக்கும், ஆனால் முடக்கி, கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருப்பார்கள். மாமியார் வீட்டுப் பலகார டப்பா மாதிரி, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும். மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்து, தெருவில் நான்கு வீட்டுக்கு லட்டு கொடுத்தார். எங்களுக்கும் வந்தது. பேரன் முதல் வகுப்பில் தேறிவிட்டானாக்கும் என்று வாழ்த்தித் தொலைத்தேன்.

அந்த முறையில் ஒரு சிக்கல். கம்ப்யூட்டரில் என்ன சத்தம் வந்தாலும் அதுவும் சேர்ந்து பதியும். டி.எம்.எஸ். உச்சஸ்தாயிக்கு ஏறும் நேரத்தில் "டிங்" என்று மின்னஞ்சல் வந்தது. சோக கீதத்துக்கு நடுவே பேரன் விளையாட்டைத் திறந்து படபடவென்று சுட்டு நாலு பேரைச் சாய்த்தான். அதுவும் பதிந்தது. போதாக்குறைக்கு எல்லாவற்றையும் வேவ் கோப்பாகச் சேமித்தார். நிமிடத்துக்குப் பத்து எம்பி. டிஸ்க் பத்தே நாளில் கையை விரித்தது.

பிறகுதான் ஸ்ட்ரீமையே நேரடியாகப் பிடிக்கும் வித்தைக்கு வந்து சேர்ந்தார். விஎல்சி வந்தது. ரோட்டில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே, ஆரஞ்சுக் கூம்பு, அதுதான் அதன் சின்னம். அதைப் பார்த்த அவர் மனைவி, "ஆரம்பிச்சாச்சா? இங்கேயும் தோண்டப் போறீங்களா?" என்று கேட்டதாகத் தகவல்.

அதற்கும் பிறகு வந்தது ஸ்ட்ரீம்ரிப்பர். இது பாட்டுப் பாட்டாக வெட்டிக் கொடுக்கும். நிலையத்திலிருந்து வரும் ஒலிக்கு நடுநடுவே பாட்டின் பெயரும் எழுத்தாக வருகிறது. பெயர் மாறினால் பாட்டு மாறிவிட்டது என்று இது கத்தரியைப் போடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் மாறும் நொடியும் பாட்டு மாறும் நொடியும் ஒன்றாக இருக்க வேண்டுமே! அளவெடுக்காமல் வெட்டிய ஜாக்கெட் கதைதான். ஒவ்வொரு கோப்பிலும் முந்தின பாட்டின் கடைசி வரி முதலில் வரும், இந்தப் பாட்டின் கடைசி வரி அடுத்த கோப்புக்குப் போய்விடும். நடுவில் ஒரு அறிவிப்பாளர் பாதி வணக்கம் சொல்லிவிட்டுக் காணாமல் போவார்.

பெயராவது ஒழுங்காக வந்ததா? சில நிலையங்கள் எந்தப் பாட்டைப் போட்டாலும் பெயருக்குப் பதிலாகத் தங்கள் விளம்பர வாசகத்தையே அனுப்பும். ஆகவே ஒரே பெயரில் 1, 2, 3 என்று போய் 3118 வரை கோப்புகள். இன்னும் சில, பெயரைத் தமிழில் அனுப்பும் நல்ல நிலையங்கள். ஆனால் எழுத்து எங்கோ வழியில் கெட்டு, எல்லாம் கேள்விக்குறியாக வந்து சேரும். கோப்பின் பெயரில் கேள்விக்குறியை விண்டோஸ் ஒப்புக்கொள்ளாது. அதனால் ஒவ்வொன்றும் வெறும் அடிக்கோடு. கண்ணதாசனும் அடிக்கோடு, வாலியும் அடிக்கோடு. பூர்த்தி செய்யாத விண்ணப்பப் படிவம் மாதிரி ஒரு ஃபோல்டர்.

லண்டன் விவகாரத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். அங்கே இரவு எட்டு மணிக்கு ஒரு பழைய பாடல் நிகழ்ச்சி. நமக்கு நள்ளிரவு ஒன்றரை. தூங்கும்போதே பதிய, கம்ப்யூட்டரில் நேரம் குறித்து வைத்துவிட்டார். ஜனவரியில் எல்லாம் சரியாக இருந்தது. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிடுகிறான். நிகழ்ச்சி நமக்குப் பன்னிரண்டரைக்கே தொடங்கிவிடுகிறது. நம்மவர் கம்ப்யூட்டர் சொன்ன சொல் தவறாமல் ஒன்றரைக்கு எழுந்து, அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்தது. லண்டனில் வீடு வாங்கக் கடன் பெறுவது எப்படி என்று ஒருவர் நேயர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிகழ்ச்சி. ஏழு மாதம் அதுதான் பதிந்தது. அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் பழைய பாட்டு தானாகத் திரும்பி வந்துவிட்டது.

இது எதுவுமே அவருக்குத் தெரியாது. என்னிடம் ஒரு பென்டிரைவ் கொடுத்து, "அபூர்வப் பாட்டு, பத்திரம்" என்றார். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்த்த எனக்குத்தான் தெரியும். குரோய்டனில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு என்னென்ன கணக்குக் காட்ட வேண்டும் என்று இப்போது என்னால் சொல்ல முடியும்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. பதிவாளர் கேட்பதில்லை. பதிந்துவிட்டால் கேட்ட மாதிரி. ஆவக்காயை ஜாடியில் போட்டு வேடு கட்டி மேலே ஏற்றிவிடுகிற மனசு. "இதெல்லாம் சொந்த உபயோகத்துக்குத்தான் தம்பி" என்பார். உபயோகம் என்று ஒன்று நடந்திருந்தால்தானே!

ஒரு நாள் அவருக்கு எதிரிலேயே கணக்குப் போட்டேன். 128 கிலோபிட் ஸ்ட்ரீம் மணிக்குச் சுமார் 57 எம்பி, நாளுக்கு 1.4 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. அவரிடம் 2 டிபி டிஸ்க் மூன்று, மூன்றும் நிரம்பிவிட்டன. சோறு தண்ணி தூக்கம் இல்லாமல் கேட்டால் கிட்டத்தட்ட 12 வருஷம். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று மனுஷத்தனமாகக் கேட்டால் 142 வருஷம். அவருக்கு இப்போது வயது 68. காகிதத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். முகத்தில் ஒரு கலக்கம். அப்பாடா, உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்போ நாலாவது டிஸ்க் வாங்கியாகணும்ங்கறீங்க" என்றார்.

போன வாரம் என் தங்கை குழந்தைக்குத் தொட்டில் போட நாள் குறித்தோம். அம்மாவுக்கு சுசீலா பாடிய ஒரு பழைய தாலாட்டு வேண்டும் என்று ஆசை. நேராகப் பதிவாளர் வீட்டுக்குப் போனேன்.

"இருக்கா சார்?"

"இருக்காவா? எட்டு தடவை பதிஞ்சிருக்கேன் தம்பி. உட்காருங்க."

உட்கார்ந்தேன். முதல் டிஸ்க்கைச் செருகினார். 3118 வரை எண் போட்ட கோப்புகளில் ஒன்றைத் திறந்தார், பல்பொடி விளம்பரம். இன்னொன்று, வானிலை. அடிக்கோடு ஃபோல்டரில் கையை விட்டார், பாதி வணக்கம். இரண்டாவது டிஸ்க். அவர் மனைவி முதல் காபி கொண்டு வந்தார். மூன்றாவது டிஸ்க்கில் இரண்டாவது காபி. ஒரு கோப்பில் தாலாட்டின் கடைசி வரி மட்டும் கிடைத்தது. "பார்த்தீங்களா, இருக்குன்னேனே!" என்றார். குழந்தை தூங்கி முடிந்த பிறகு பாட வேண்டிய அளவுதான் அது.

கடைசியில் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் இரண்டரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டார்.

"சிங்கப்பூர்ல பழைய பாட்டு போடுற நேரம்தான். ஞாயித்துக்கிழமைக்குள்ள எப்படியும் ஒரு நாள் போட்டுடுவாங்க. பிடிச்சுத் தர்றேன்."

சிவப்பு வட்டத்தை அழுத்தினார். நொடிகள் ஓடத் தொடங்கியதும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, அது பாட்டுக்கு ஓடட்டும். நாம சாப்பிடலாம்."