டூயட்டில் குளிராது

நீலகிரியின் பைக்காரா படகுத்துறைக் கூட்டம், பனிமலைப் போருக்குக் கிளம்பிய படை போலிருக்கும். குரங்குக் குல்லா, மஃப்ளர், ஸ்வெட்டர். காலில் மட்டும் ரப்பர் செருப்பு. இங்கே குளிரே உறைக்காத ஒரே ஜீவன் தமிழ் சினிமாக் கதாநாயகி. புல்மேட்டில் நாயகன் தோல் ஜாக்கெட்டில் ஆடுவார். அவளுக்கு ஷிபான் சேலை.

அந்தக் காலத்தில் இதே மலையில் வெள்ளைக்காரர் அடித்த கூத்து இதைவிட விசேஷம். வென்லாக் புல்வெளியில் சிவப்புக் கோட்டு மாட்டிக் குதிரையேறி நரிவேட்டை ஆடினார்கள். சீமை நரி கிடைக்காததால் நம்மூர்க் குள்ளநரியே அந்த வேஷம் கட்டியது. இம்மலைப் பழங்குடியினரான தோடர்கள் போர்த்தியிருந்த பூத்துக்குளிப் போர்வையைப் பார்த்துவிட்டு, ரோமாபுரி டோகா அங்கி என்று வம்சாவளி தேடியவர்களும் உண்டு.

பூத்துக்குளி என்பது வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். கோடு கிழிக்காமல், இழையை எண்ணியெண்ணியே பெண்கள் போடும் பூவேலை அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே போர்வைதான். ‘யூனிசெக்ஸ்’ என்று சொல்லி யாரும் விலையை ஏற்றவில்லை. 2013-ல் இந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது செல்போன் பையில்கூட அந்தப் பூ வருகிறது. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த ஒரு சுற்றுலா அம்மணியின் கேள்வி: “மெஷின்ல போட்டிருந்தா இன்னும் நீட்டா இருந்திருக்குமேங்க?”