டி டிரைவுக்குத் தனிப்பட்டா

எங்கள் கம்பெனியில் ஐ.டி. டிபார்ட்மென்ட் கிடையாது. நான்தான் அது. 2019-ல் ஒருநாள் பிரிண்டர் ஓடாமல் ஏழெட்டுப் பேர் அதைச் சுற்றித் துக்கம் விசாரிக்கிற மாதிரி நின்றிருந்தார்கள். நான் போய் சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டேன். அன்றோடு சரி. பி.காம். படித்துக் கணக்கெழுத வந்தவளுக்கு கம்ப்யூட்டர் இலாகாவும் சேர்ந்துகொண்டது. சம்பளம் கணக்குக்கு மட்டும்.

ஒரகடம் சிப்காட்டுக்கு உள்ளே இல்லை எங்கள் ஷெட். வேலியைத் தொட்டுக்கொண்டு வெளியே இருக்கிறது. ஆறு பவர் பிரஸ், ஒரு ஷியரிங் மெஷின், முப்பத்தெட்டுப் பேர். கார் செய்கிற கம்பெனிக்குப் பாகம் செய்கிற கம்பெனிக்குப் பாகம் செய்கிற கம்பெனிக்கு நாங்கள் வாஷர் அடித்துக் கொடுக்கிறோம். சாலையில் போகும் கார்களைப் பார்த்து "நம்ம வாஷர் போகுது" என்று நாங்கள் சொல்லிக்கொள்ளலாம். காருக்கு எங்களைத் தெரியாது.

இந்த வட்டாரத்தில் செய்யாத பொருள் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து ஹூண்டாய் கார் வருகிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-லிருந்து 2014 வரை நோக்கியா போன் வந்தது. 2007-லிருந்து டெல் கம்ப்யூட்டரே அங்குதான் தயாராகிறது. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் ஆகி, இத்தனை தொழிற்சாலை வாசல்களையும் தாண்டி, முதலாளியின் மடியில் உட்கார்ந்து வந்தது. அது 2018. எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசர், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்.

வந்த அன்றே சண்டை. "ஒரு டெராபைட்டுன்னான், 931 ஜி.பி.தான் காட்டுது. 69 ஜி.பி.ய எவனோ உருவிட்டான்" என்று முதலாளி போனை எடுத்துவிட்டார். விற்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது, சரக்கு ஒன்றுதான் என்று நான் காகிதத்தில் பெருக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்கப்பா ரெண்டு நாள் சாப்பிடல, தெரியுமா?" என்றார். நிலப் பதிவேட்டைப் புதிதாக எழுதிய யு.டி.ஆர். திட்டம் வந்தபோது அவர் அப்பாவின் ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலம் புதுப் பட்டாவில் 0.48.5 என்று ஹெக்டேரில் இருந்ததாம். நிலம் பாதிக்கும் கீழே போய்விட்டது என்று பெரியவர் வயலிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

ராமானுஜர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ரகசியமாகச் சொல்லப்பட்ட மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னவர் அவர். அந்த மரபு விட்டுப்போகக் கூடாது என்றோ என்னவோ, எங்கள் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கும். வாஷர் ஏற்ற வரும் குட்டியானை டிரைவருக்குக்கூட மனப்பாடம். ஆகவே, பாதுகாப்புக்காக நீங்கள் உடனே விண்டோஸ் 11-க்கு மாறியாக வேண்டும் என்று மேலே உள்ள கம்பெனியிலிருந்து மெயில் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்ததில் தப்பில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. மாத முடிவுக்குள் மாறாத சப்ளையர் மேல் ஆடிட்டில் சிவப்புப் புள்ளி விழும். சிவப்புப் புள்ளி விழுந்தால் ஆர்டர் குறையும். ஆர்டர் குறைந்தால் முதலாளி வீட்டில் மோர்க்குழம்பு.

பிராசசர் தகுதியானதுதான். புது கம்ப்யூட்டர் வேண்டாம் என்றதும் முதலாளி முகம் மலர்ந்தது. எனக்கும் மலர்ந்தது, டிஸ்க் எம்.பி.ஆர். முறையில் இருக்கிறது என்று தெரியும்வரை. விண்டோஸ் 11-க்கு யு.ஈ.எஃப்.ஐ. முறையில் எழும் கம்ப்யூட்டர் வேண்டும். அப்படி எழ வேண்டுமானால் டிஸ்க் ஜி.பி.டி. முறையில் இருக்க வேண்டும். "அப்போ மாத்திடு" என்றார் முதலாளி, பல்பை மாற்றச் சொல்வது போல.

அவருக்குப் புரிய வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். டிஸ்கின் முதல் 512 பைட்டில் ஒரு பட்டியல் இருக்கிறது சார். எந்தப் பகுதி எங்கே ஆரம்பித்து எத்தனை தூரம் போகிறது என்று. அதில் 446 பைட் கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் வேலைக்கு. கடைசி இரண்டு பைட் முத்திரை. நடுவில் 64 பைட்தான் பட்டியல். ஒரு பகுதிக்கு 16 பைட். ஆக நாலே நாலு பகுதிதான் எழுதலாம்.

"அஞ்சாவது புள்ள பொறந்தா?"

"நாலில் ஒன்றை எக்ஸ்டெண்டட் என்று போட்டு, அதற்குள்ளே மற்றவர்களை அடக்குவார்கள் சார்."

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அட, கூட்டுப்பட்டா!"

அதுவரை டிஸ்க் என்றால் என்ன என்று கேட்காத மனிதர், அடுத்த அரைமணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். அவர் படித்தது எட்டாவது. ஆனால் சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புல வரைபடம் எல்லாம் சகஸ்ரநாமம் மாதிரி வரும். இந்தச் சாலையில் நிலம் விற்றவர்களுக்கும் விற்காதவர்களுக்கும் அது வந்தே தீரும். எங்கள் டிஸ்கில் சிஸ்டம் ரிசர்வ்டு ஒன்று, சி ஒன்று, மிச்சமெல்லாம் ஒரு எக்ஸ்டெண்டட். அதற்குள் டி, ஈ, எஃப் என்று மூன்று. டி-யில் டாலி. ஈ-யில் டிராயிங். எஃப்-ல் முதலாளி மகளின் கல்யாண வீடியோ. "சி-க்குத் தனிப்பட்டா. மத்த மூணும் கூட்டுப்பட்டாவுல உட்பிரிவு. சரிதானே?" சரிதான். நான் படித்த எந்த விளக்கமும் இத்தனை சுருக்கமாக இல்லை.

எம்.பி.ஆர். பிறந்தது 1983 மார்ச்சில். ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி.யும் டாஸ் 2.0-ம் வந்தபோது வந்தது. அன்றைய டிஸ்க் 10 எம்.பி. நாலு பகுதி போதாமல் போகும் என்று யாரும் நினைக்க வாய்ப்பில்லை. தமிழ்நாட்டில் யு.டி.ஆர். நடந்ததும் அதே வருடங்களில்தான். 1979-ல் தொடங்கிய நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம் அது. பழைய பதிவேட்டை எடுத்து, ஏக்கரை ஹெக்டேராக்கி, பெயர்களைப் புதிதாக எழுதி, புது அமைப்புக்கு மாற்றினார்கள். நிலம் அங்கேயே இருந்தது. வரப்பு அங்கேயே இருந்தது. பதிவேட்டில் மட்டும் பல இடங்களில் அண்ணன் பெயர் தம்பிக்குப் போனது, சிலர் பெயர் எங்கும் போகவில்லை. யு.டி.ஆர். தவறு திருத்தம் என்று இன்றும் மனு எழுதுகிறார்கள். தகவல் இழப்போடு நடந்த ஃபார்மட் மாற்றம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்ப்பக்கம் கம்ப்யூட்டர் வைத்து விளக்க வேண்டியதில்லை.

"புதுசுல எத்தன பேரு எழுதலாம்?"

"விண்டோஸில் 128 சார். அதோட பட்டியலின் இன்னொரு காப்பி டிஸ்கின் கடைசியிலும் இருக்கும். ஒன்று கெட்டால் இன்னொன்று."

"வி.ஏ.ஓ. கிட்ட ஒண்ணு, தாலுக்காவுல ஒண்ணு." தலையாட்டினார். "முன்னாடி பழைய எடத்துல?"

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பழைய பட்டியல் இருந்த முதல் இடத்தில் ஜி.பி.டி. ஒரு பொய்ப் பட்டியலை வைத்திருக்கும். டிஸ்க் முழுக்க ஒரே பகுதி, ஆள் இருக்கிறது என்று அது சொல்லும். புது முறை தெரியாத பழைய புரோகிராம் வந்து "காலி மனை" என்று நினைத்துக் கொட்டகை போட்டுவிடக் கூடாதே. வல்லம் வடகாலிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலை முழுக்க முள்வேலியில் தொங்குகிறதே, இந்த இடம் இன்னாருக்குச் சொந்தம், அத்துமீறுவோர் மேல் நடவடிக்கை என்று, அந்தத் தகரப் பலகைதான்.

விண்டோஸ் 10-லேயே 2017-லிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கட்டளை உண்டு. உள்ளிருக்கும் எதையும் தொடாமல் பட்டியலை மட்டும் மாற்றும். டிஸ்க்பார்ட்டிலும் மாற்றலாம், ஆனால் அது காலி டிஸ்க்கைத்தான் மாற்றும். வீட்டை இடித்துவிட்டு வா, பட்டா தருகிறேன் என்கிற ரகம். நான் கறுப்புத் திரையைத் திறந்து உட்கார்ந்தபோது முதலாளி கையைப் பிடித்தார். "வில்லங்கம் பாத்தியா?"

அதற்கும் வழி இருந்தது. 'வேலிடேட்' என்று போட்டால், மாற்றாமல், மாற்ற முடியுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். போட்டேன். டிஸ்க் அமைப்புச் சரிபார்ப்பு தோற்றது என்று ஒரே வரி வந்தது. ஏன் என்று இல்லை. "ஆபீசுல இப்படித்தான் சொல்லுவான், காரணம் சொல்ல மாட்டான்" என்றார் முதலாளி, பழகிய குரலில். காரணம் கூட்டுப்பட்டாதான். உள்ளே உட்பிரிவு இருக்கும் டிஸ்க்கை இந்தக் கட்டளை தொடாது. முதன்மைப் பகுதிகள் மட்டும், அதுவும் மூன்றுக்கு மேல் கூடாது.

ஆக டி, ஈ, எஃப் மூன்றையும் வேறு டிஸ்க்குக்குக் குடி மாற்றி, கூட்டுப்பட்டாவை ரத்து செய்து, சி-யை மாற்றிவிட்டு, மறுபடி மூவரையும் கொண்டுவர வேண்டும். 300 ஜி.பி. டூல் ரூம் அண்ணனிடம் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. பழைய டி.வி. படிக்க வேண்டும் என்று அதை எஃப்.ஏ.டி.32-ல் வைத்திருந்தார். அதில் 4 ஜி.பி.க்கு மேல் ஒரு கோப்பு போகாது. கல்யாண வீடியோ 11 ஜி.பி. "மாப்ள வீட்டாரு பாதிய விட்டுட்டு மீதிய ஏத்த முடியாதா?" என்று மேனேஜர் மெல்லக் கேட்டார். நான் அந்த டிஸ்க்கை என்.டி.எஃப்.எஸ்.ஸுக்கு மாற்றினேன். 'கன்வர்ட்' கட்டளை உள்ளிருக்கும் படங்களை அழிக்காமல் மாற்றிவிடும். திரும்பி வர மட்டும் வழியில்லை. ஆனால் உறுதிப்படுத்த டிஸ்க்கின் பெயரைக் கேட்கும். அண்ணனுக்குப் போன் போட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: "தல-ன்னு போடும்மா. இங்கிலீஷ்ல."

ஞாயிற்றுக்கிழமை. எமகண்டம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை, ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு, நடுவில் முடித்துவிடு என்று உத்தரவு. பத்தரைக்குக் காப்பி போட்டேன். மீதி நேரம் இரண்டு மணி என்றது. பிறகு ஒன்பது மணி என்றது. பிறகு நாற்பது நிமிடம் என்று மனமிரங்கி, மறுபடி ஆறு மணி என்றது. காஞ்சிபுரம் ரோட்டில் ஷிப்ட் விடும் நேரத்து கம்பெனி பஸ் கண்டக்டர்கூட இப்படிப் பேச மாட்டார். முன்பக்கத்து பழைய யு.எஸ்.பி. துளையில் செருகியிருந்தேன், பின்பக்கம் நீலத் துளையில் செருகியிருந்தால் சாப்பாட்டுக்கு முன் முடிந்திருக்கும். இது எனக்குப் புரிந்தபோது மணி இரண்டரை. யாரிடமும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு முடிந்தது. டாலியையும் டிராயிங்கையும் இன்னொரு பென் டிரைவிலும் ஏற்றினேன். கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டேன். கல்யாண வீடியோவை நடுவில் திறந்து பார்த்தேன். முதலாளி தாரை வார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டி-யை அழித்தேன். ஈ. எஃப். மூன்றும் போன பிறகும் வரைபடத்தில் ஒரு பச்சைக் கட்டம் நின்றது. ஆட்கள் காலி செய்த பிறகும் கூட்டுப்பட்டா மட்டும் காற்றில் நிற்கிறது. அதையும் தனியாக அழித்தால்தான் கறுப்பாகி, தரிசாகும். அழித்தேன். வில்லங்கம் போட்டேன். சரி என்றது.

மணி 4.40. ராகு காலம். வெளியே குட்டியானை பில்லுக்காக ஹாரன் அடிக்கிறது. முதலாளி வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்கிறது. தட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முடிந்தது என்றது. ஆறு மணி நேரம் குடிமாற்றத்துக்கு, ஒரு நிமிடம் பட்டாவுக்கு.

ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரை. எழுப்ப டிஸ்க் எதுவும் இல்லை என்று வெள்ளை எழுத்து.

இது இப்படித்தான் வரும் என்று எனக்குத் தெரியும். பயாஸ் இன்னும் பழைய முறையில் தேடிக்கொண்டிருக்கிறது. உள்ளே போய் யு.ஈ.எஃப்.ஐ.க்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று முந்தின இரவு நோட்டில் எழுதியே வைத்திருந்தேன். நோட்டைப் பார்க்க வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்ற வேண்டுமே. முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இரண்டு தடவை டெலீட் பட்டனை தாமதமாக அழுத்தித் தவறவிட்டு, மூன்றாவது தடவை பட்டனிலிருந்து விரலையே எடுக்காமல் உள்ளே நுழைந்து மாற்றினேன். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம்.மையும் அங்கேயே திறந்துவிட்டேன். விண்டோஸ் எழுந்தது. மானிட்டர் ஓரத்து ஸ்டிக்கரைப் பார்த்துப் பாஸ்வேர்டு அடித்தேன்.

டி, ஈ, எஃப் மூவருக்கும் தனித்தனியாக இடம் பிரித்துக் குடிவைத்ததும் டாலி கம்பெனியைக் காணோம் என்றது. டி என்ற எழுத்தை சி.டி. டிரைவ் பிடித்துக்கொண்டுவிட்டது, சி.டி. போட்டு ஆறு வருடம் ஆன டிரைவ். பட்டா சரி, கதவு எண்தான் தப்பு. மாற்றினேன். ஒன்பது மணிக்கு பில் போட்டோம். குட்டியானை டிரைவர் நான்கு டீ குடித்திருந்தார். நாலுக்கும் வவுச்சர் கொடுத்தார்.

மறுநாள் காலை என் மேஜை மேல் ஒரு மஞ்சப்பை. முதலாளி எதிரே உட்கார்ந்திருந்தார்.

"மூணு பேரு கூட்டுப்பட்டாவ ஒண்ணும் ஆகாம பிரிச்சிட்ட. இதையும் பாரும்மா."

யு.டி.ஆர். காகிதங்கள். பழைய பட்டா, புதுப் பட்டா, அப்பா கொடுத்த மனு, அதற்கு வந்த பதில், பதிலுக்கு இவர் கொடுத்த மனு. அப்பா பெயரில் கடைசி எழுத்து காணவில்லை. நான் கணக்கெழுத வந்தவள் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். பையைப் பிரித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஜெராக்ஸ், ஒன்றல்ல, நாலு.

"இதோட இன்னொரு செட்டு மாமியார் வூட்டுல கீது" என்றார். "ஒண்ணு பேங்க் லாக்கர்ல."