ஆச்சியின் சாட்சியம்

புதுச்சேரியிலே இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை, 1736 தொடக்கம் 1761 வரை, கப்பல் வந்ததையும் போனதையும், சரக்கு விற்ற விலையையும், கோட்டைக்குள் நடந்த சண்டை சமாதானங்களையும் சலிக்காது எழுதி வைத்தது சரித்திரத்துக்குப் பெரிய உபகாரமாயிற்று. எங்கள் உடுவிலிலே 1824-ஆம் ஆண்டில் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையை ஆரம்பித்த அமெரிக்க மிஷன் அம்மையார் ஹரியற் வின்ஸ்லோவோ, தம் குறிப்புகளிலே தம் ஆத்துமாவையே அடிக்கடி விசாரணைக்கு நிறுத்தியவர். (அந்தப் பாடசாலை ஆரம்ப காலத்தில் படிக்க வந்த பெண்களுக்குச் சோறும் சீலையும் கொடுத்ததல்லாமல், படிப்பு முடிந்து கலியாணமாகும்போது சீதனமும் கொடுத்தது, மிஷன்காரர் யாழ்ப்பாணத்தை எவ்வளவு சீக்கிரம் விளங்கிக்கொண்டனர் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.) இணுவிலிலே எங்கள் வளவில் வாழ்ந்த என் ஆச்சியும் பல ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். ஆனால், அவர் எழுதியது சரித்திரத்துக்காகவும் அன்று, ஆத்தும ஈடேற்றத்துக்காகவும் அன்று. பிறக்கிறாசியாருக்காக.

விஷயம் இதுதான். 1957-ஆம் ஆண்டளவில், பக்கத்து வளவாருடன் எல்லை வேலி சம்பந்தமாக நடந்த ஒரு வழக்கிலே, கையில் எழுத்தாக ஒன்றும் இல்லாத காரணத்தால் ஆச்சி தோற்றுப்போனார். தோற்றவரைத் தேற்றும் பொருட்டு அவருடைய வழக்கறிஞரான பிறக்கிறாசியார், “அம்மா, வாய்ச்சொல் கோட்டிலை நில்லாது. நாள் திகதியோடை எழுதி வையுங்கோ” என்று சொல்லிவிட்டுத் தமக்குரிய பணத்தை வாங்கிக்கொண்டு போனார். கொடுத்த பணத்துக்குக் கிடைத்த ஒரே பிரயோசனம் அந்தப் புத்திமதிதான் என்று கருதிய ஆச்சி, வீடு திரும்பும் வழியிலேயே ஒரு கொப்பி வாங்கினார்.

வேலிக்காகக் கோட்டுக்குப் போவதா என்று பிற ஊரார் சிரிக்கலாம். ஒல்லாந்தர் காலத்தில், 1707-ஆம் ஆண்டளவில், எங்கள் வழக்கங்களைத் திரட்டி எழுதப்பட்ட தேசவழமை, பெண் கொண்டுவந்த சீதனத்தைப் பெண்ணுடையதாகவே வைத்தது. பங்குக் காணியை ஒருவர் விற்க நினைத்தால் மற்றப் பங்காளர்களுக்கே முதல் உரிமை என்றும் விதித்தது. இதன் பலனாக, பரம்பரை பரம்பரையாகப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு வந்த காணி, ‘இத்தனை பரப்பும், கிணற்றில் எட்டில் ஒரு பங்கும், வழிவாய்க்கால் உரித்தும்’ என்று உறுதியிலே எழுதப்படும் அளவுக்குச் சிறுத்துப்போகவே, மண்ணைக் காட்டிலும் மண்ணின் ஓரங்கள் அதிகமாயின. ஓரம் உள்ள இடத்திலே வேலி உண்டு. வேலி உள்ள இடத்திலே அப்புக்காத்துமாருக்கும் பிறக்கிறாசிமாருக்கும் ஜீவனம் உண்டு.

1995 அக்டோபர் 30-ஆம் திகதி இரவு, யுத்தம் நெருங்க, வலிகாமம் முழுவதும் மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, அகப்பட்ட சாமான்களை அகப்பட்டபடி நாங்கள் அள்ளிக்கொண்டு கிளம்பினோம். ஆச்சியோ தம் உறுதிக் கட்டை மாத்திரம் மார்போடு அணைத்துக்கொண்டு புறப்பட்டார். வெகு காலத்தின் பின், அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோதுதான், உறுதிகளுக்கிடையே அந்தக் கொப்பிகளும் பத்திரமாய் இருந்தமை தெரியவந்தது. கலியாணப் படங்களை விட்டுவிட்டு வந்தவர், கொப்பிகளை விட்டுவிட்டு வரவில்லை. அவையும் அவர் கணக்கிலே உறுதிகள்தாம்.

நம் முன்னோர் ஆறுதலாக வாழ்ந்தார்கள், நாம்தான் அந்தரப்பட்டு ஓடித் திரிகிறோம் என்னும் பொதுவான அபிப்பிராயத்தை நானும் பல சபைகளிலே பலமாக ஆமோதித்தவன். கைவசம் எழுத்துச் சாட்சியம் இருக்க, வாய்ச்சொல்லை நம்புவானேன் என்று, மாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றை எடுத்து என்னுடைய ஒரு புதன்கிழமையோடு ஒப்பிட்டேன். ஆச்சியின் புதன்கிழமை இது:

“காலமை 4½ மணி. துலா. எங்கள் முறை. அவர்கள் எங்கள் முறைக்குள் ஐந்து பட்டை அள்ளினர். மாடு கறந்தது. கிடுகு பன்னிரண்டு. ஒடியல் காயப் போட்டது. சங்கக்கடை, கூப்பன் அரிசி, கல் அதிகம். மழைக் குணம், ஒடியல் எடுத்தது. வெயில், திரும்பப் போட்டது. கந்தர்மடத்து மாமி வந்தார். தேத்தண்ணி குடித்தார், பலகாரம் தொடவில்லை. மிளகாய்க் கன்றுக்குச் சாம்பல். காகம் ஒடியல்.”

கடைசி வசனத்துக்கு வினை இல்லை. காகத்தைத் துரத்தப் போனவர் திரும்பி வந்து அதை முடிக்கவில்லை என்று ஊகிக்கிறேன்.

என் புதன்கிழமையை எழுதி வைக்க வேண்டிய அவசியம் எனக்கு நேரவில்லை. என் சட்டைப் பையில் இருக்கும் கைத்தொலைபேசி அந்தக் கைங்கரியத்தை நான் கேளாமலே செய்கிறது. எத்தனை அடி நடந்தேன், எந்தச் சந்தியில் எத்தனை நிமிஷம் நின்றேன், எத்தனை மணிநேரம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பவற்றையெல்லாம் அது கணக்கு வைத்து, வாரம் முடிந்ததும் எனக்கே அனுப்பிவைக்கிறது. அதன்படி, அந்தப் புதன்கிழமை நான் நடந்த நடை ஆச்சி காகத்துக்குப் பின்னால் ஓடிய ஓட்டத்துக்குக் காணாது; தொலைபேசியைப் பார்த்த நேரத்திலோ ஒடியலை நாலு தரம் காயப்போட்டு எடுத்திருக்கலாம். துலா இருந்த இடத்தில் இப்போது மின்சார மோட்டர் இருக்கிறது. ஆளியைத் தட்டிவிட்டுத் தண்ணீர்த் தாங்கி நிறையும் வரையில் நாற்காலியில் இருப்பதே என் இறைப்பு. 2022-ஆம் ஆண்டிலே மின்சாரம் ஒரு நாளின் பாதியை விழுங்கிய காலத்தில், நிறைந்த கிணற்றின் பக்கத்திலே ஒரு வாளியும் கயிறுமின்றி நான் நின்ற நிலையை ஆச்சி கண்டிருந்தால், அதற்கும் நாள் திகதி போட்டிருப்பார்.

அதே ஆண்டில் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, சதுரத்துக்குள் புள்ளி புள்ளியாக இருக்கும் கியூஆர் படத்தைக் காட்டி வாரப் பங்கீட்டை வாங்கினேனே, அதற்கும் ஆச்சியின் கூப்பன் கொப்பிக்கும் பெரிய பேதம் எனக்குத் தோன்றவில்லை. ஆச்சிக்கு வாரம் இரண்டு கொத்து அரிசி, கொத்து இருபத்தைந்து சதம். கூப்பனை எலி அரித்தால் சண்டை பிடிக்கச் சங்கக்கடை மனேச்சர் ஒருவராவது இருந்தார் என்பதே வித்தியாசம்.

மாமி பலகாரம் தொடாத விஷயத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வந்தவர் என்ன பேசினார் என்று ஆச்சி ஓரிடத்திலும் எழுதியதில்லை; என்ன குடித்தார், எதைத் தொடவில்லை என்பதே அவருக்குச் சாட்சியம். பலகாரம் தொடாத மாமி பங்குனியிலே வந்து பாதிப் பலகாரம் சாப்பிடுகிறார்; சித்திரை வருஷப்பிறப்புக்கு முழுவதும் சாப்பிட்டு மகளுக்கும் கட்டிக்கொண்டு போகிறார். கோபம் தணிந்த விதத்தை நாவலாசிரியர் ஒருவர் நாற்பது பக்கம் எழுதினாலும் இத்தனை துலாம்பரமாய்க் காட்ட முடியாது. எனக்கு விருந்தினர் வருவது குறைவு. வருவோரும் வாட்ஸ்அப்பிலேயே வந்து போகிறார்கள். ஆயினும், நான் அனுப்பிய செய்தியின் கீழே இரண்டு சரிகள் நீல நிறமாகி, பதில் மாத்திரம் வராதிருக்கும்போது, பலகாரம் தொடப்படவில்லை என்று எனக்கும் விளங்கிவிடுகிறது.

உலக விவகாரங்களிலே ஆச்சி அசிரத்தையாக இருந்தவர் அல்லர். வீட்டுக்கு ‘ஈழநாடு’ பத்திரிகை வந்தது, வானொலியும் இருந்தது. 1964 மே 27-ஆம் திகதிக் குறிப்பு: “நேரு காலமானார். இரண்டு தேங்காய் விழுந்தன. ஒன்று அவர்கள் பக்கம். எடுத்துவிட்டனர்.” 1969 ஜூலை 21: “சந்திரனில் மனுஷர் இறங்கியதாக வானொலி. அவர்கள் எங்கள் பக்கம் இறங்கிக் கதியால் நட்டனர்.” அப்பொலோவிலே போனவர்கள் கொடி நாட்டியதையும் பக்கத்து வளவார் கிளுவை நாட்டியதையும் ஆச்சி ஒரே குற்றமாகத்தான் பாவித்தார் என்பது எழுத்தின் அழுத்தத்தைப் பார்த்தால் தெரிகிறது. பேனை கொப்பியைக் குத்தியிருக்கிறது.

இனி வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதில்களுக்கிடையே பிறந்து வளர்ந்த இந்தக் காலத்துப் பிள்ளைகள், கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நிற்க, கிடுகோ பனையோலையோ வைத்து வருஷா வருஷம் அடைக்கப்பட்ட அந்த உயிர்வேலியின் மகிமையை அறியார்கள். மதில் ஒருமுறை எழுந்தால் எழுந்ததுதான். வேலியோ ஜீவனுள்ள வஸ்து; நட்ட கதியால் தளிர்க்கும், பருக்கும், அடைக்கிறவன் எந்தப் பக்கத்தான் என்பதைப் பொறுத்து வருஷம் நாலு விரற்கடை நகரவும் செய்யும். ஆச்சியின் கொப்பிகளிலே வேலியடைப்பு நாட்களுக்கெல்லாம் அடியிலே இரட்டைக் கோடு உண்டு. மூத்த மகன் பிறந்தநாளுக்கு ஒரு கோடுகூட இல்லை.

அந்த வேலியிலேயே ஒரு பொட்டும் இருந்தது. ஒரு மனுஷி குனிந்து போகத்தக்க இடைவெளி அது. கறிச்சட்டியும் நெருப்புக் கொள்ளியும் ஊர்ப் புதினமும் அந்த வழியாகவே போய்வரும். அந்தப் பொட்டு அடைபடுவதும் திறபடுவதும் இரண்டு தேசங்களுக்கிடையே நடக்கும் யுத்தமும் உடன்படிக்கையுமாக ஆச்சியின் கொப்பிகளிலே தொடர்ந்து நடக்கின்றன. “பொட்டு அடைத்தாயிற்று. இனி இல்லை.” பத்து நாள் கழித்து: “பொட்டால் முருங்கையிலை வந்தது. வாங்கவில்லை.” மறுநாள்: “முருங்கையிலை வறை.” வாங்காத இலை எவ்விதம் வறையாயிற்று என்பதைப் பற்றி ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. குறுக்கு விசாரணையில் எந்த அப்புக்காத்தும் இதை விட்டிருக்க மாட்டான்.

வழக்கின் மூலகாரணமான தென்னை, எல்லையிலே, எந்த வளவு என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதபடி சாய்ந்து நின்றது. கோடு அதை அவர்களுடையது என்றது. ஆச்சியோ ஏழு வருஷமாக, ஒரு தரமேனும் தவறாமல், “எங்கள் தென்னை” என்றே எழுதிவந்தார். 1964 டிசம்பர் 22-ஆம் திகதி இரவு, அக்கரையிலே தனுஷ்கோடியைக் கடலோடு கொண்டுபோன அந்தச் சூறாவளி எங்கள் குடாநாட்டையும் உலுப்பிவிட்டுப் போனது. மறுநாட் குறிப்பை அப்படியே தருகிறேன்:

“விடிய வேலி இல்லை. இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கல் வரை இல்லை. அவர்களுடைய தென்னை எங்கள் குசினிக்கு மேல் விழுந்தது. அடுப்பு இல்லை. இரா அவர்கள் வீட்டிற் புட்டு. தேங்காய் எங்களுடையது.”

விழுந்த மரம் அவர்களுடையது. விழுந்த மரத்துத் தேங்காய் எங்களுடையது. மேன்முறையீட்டுக்குப் போய் எத்தனையோ ஆயிரம் செலவழித்தாலும் கிடைத்திராத தீர்ப்பை, ஆச்சி விளக்கு வெளிச்சத்திலே, அவர்கள் வீட்டுப் புட்டுச் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, இரண்டு வரியிலே எழுதி முடித்துவிட்டார். அதே தேங்காய்களில் ஒன்றை நாற்றுப் போட்டு, அது முளைத்து வளர்ந்தபின், “தென்னம்பிள்ளை வைத்தது. எல்லைக்கு இங்கால் இரண்டு முழம்” என்றும் எழுதினார். அது இன்றும் நிற்கிறது. அதுவும் சாய்ந்துதான் நிற்கிறது.

பக்கத்து வளவார் இப்போது கனடாவில், ஸ்காபரோவிலே இருக்கிறார்கள். அந்த வீட்டு ஆச்சியின் பேரன், காணியைச் சுற்றி மதில் எழுப்பும் உத்தேசத்தோடு, “அண்ணை, எல்லையிலை நிக்கிற தென்னை எங்கடைதானே?” என்று சென்ற மாதம் வாட்ஸ்அப்பிலே கேட்டிருந்தான். அறுபது வருஷம் காத்திருந்த சந்தர்ப்பம் கைக்கு வந்ததே என்னும் உற்சாகத்தோடு, தென்னம்பிள்ளை வைத்த பக்கத்தையும், முன்னுரையாக இருக்கட்டுமென்று புட்டுப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன். நீலச் சரிகள் விழுந்தன. பதில் வரவில்லை. பலகாரம் தொடப்படவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவனிடமிருந்தும் ஒரு படம் வந்தது. அதே காலத்துக் கொப்பி, அதே மாதிரியான கோடு போட்ட தாள், வேறு கையெழுத்து. வென்ற பக்கத்துப் பிறக்கிறாசியாரும் தம் கட்சிக்காரிக்கு அன்றைக்கு அதே புத்திமதியைத்தான் சொல்லியிருக்கிறார் போலும். “23. அவர்களுடைய தென்னை அவர்கள் குசினியிலே விழுந்தது. பாவம். இரா கூப்பிட்டுப் புட்டுக் கொடுத்தோம். தேங்காய் எங்களுடையது.”

என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, புட்டுக்கு மா ஆற்றை எண்டு ரெண்டு பேரும் எழுதேல்லையே?”