இடைவெளிப் பட்டையும் இடம்பெயர்வும்

கடிதம் தட்டச்சு செய்யவும், வரவு செலவுக் கணக்குப் போடவும், திரையில் படம் காட்டிப் பேசவும் பயன்படும் செயலிகளின் தொகுப்பை அலுவலக மென்பொருள் என்பர். இதனை ஒரே தடவையாகக் காசு கொடுத்து வாங்கியோர், ஆண்டுதோறும் சந்தா கட்டுவோர், யாரோ பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவிக் கொடுத்ததை எந்தக் கேள்வியும் கேட்காமல் பயன்படுத்துவோர் எனத் தமிழகத்தில் பயனாளர் மூவகைப்படுவர். மூன்றாம் வகையினரின் எண்ணிக்கை பற்றி நாகரிகம் கருதி இங்கு எதுவும் சொல்லப்படவில்லை. சந்தா காலாவதியாகி, ஆவணத்தைப் படிக்கலாம், அச்சிடலாம், ஆனால் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த இயலாது என்ற நிலை வரும்போது, இவர்களில் சிலர் கட்டற்ற மென்பொருளுக்கு, அதாவது மூல நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமம் தரும் மென்பொருளுக்கு, இடம்பெயர்கின்றனர். இவ்விடம்பெயர்வால் உண்மையில் எவ்வளவு பணம் மிச்சமாகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்குக்குப் போகுமுன் வரலாறு சிறிது தேவைப்படுகிறது. ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனம் உருவாக்கிய ஸ்டார் ஆபீசை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, அடுத்த ஆண்டே அதன் மூல நிரலைப் பொதுவில் வைக்க, அது ஓப்பன் ஆபீஸ் ஆயிற்று. 2010இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கிவிட, நிரலாளர்களில் பலர் அவ்வாண்டு செப்டம்பரில் பிரிந்து சென்று லிப்ரே ஆபீசைத் தொடங்கினர். மறு ஆண்டு ஆரக்கிள் தன்னிடமிருந்த ஓப்பன் ஆபீசை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவிக்கொண்டது. இத்தனை நடந்த பின்னும் நம்மூர் கணினிக் கடைக்காரர் எல்லாவற்றையும் ‘ஓப்பன் ஆபீஸ்’ என்றே அழைக்கிறார்; அவரைத் திருத்த முயல்வது வீண்.

அரசுகளும் இடம்பெயர்ந்து பார்த்திருக்கின்றன. ஜெர்மனியின் மியூனிக் நகர மன்றம் 2003இல் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற முடிவெடுத்தபோது, அதைத் தடுக்க மைக்ரோசாப்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மரே நேரில் வந்து மேயரைச் சந்தித்தும் பயனில்லாமல் போனது. பத்து ஆண்டுகள் பாடுபட்டு ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்த அந்நகரம், 2017இல் விண்டோசுக்கே திரும்புவதென வாக்களித்தது. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் சூசே லினக்சுக்கு மாறியதும், 2024இல் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் ஏறத்தாழ 30,000 கணினிகளை லிப்ரே ஆபீசுக்கு மாற்றப்போவதாக அறிவித்ததும் இவ்வரிசையில் அடங்கும். போனவர்கள் ஏன் திரும்புகிறார்கள் என்பதற்கு அரசியல், பயிற்சிக் குறைவு, பழைய ஆவணங்களோடு ஒவ்வாமை என அறிஞர் பல காரணம் கூறுவர். விசைப்பலகையின் அடிவரிசையில் எல்லா விசைகளையும்விட நீளமாகக் கிடக்கும் இடைவெளிப் பட்டையை, அதாவது ஸ்பேஸ் பாரை, அவர்கள் எவரும் விசாரணைக்கு அழைக்காதது வியப்புக்குரியது.

தலைப்பை நடுவில் அமைக்க எல்லாச் செயலிகளிலும் ஒரு பொத்தான் உண்டு. அது 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்ணெதிரே இருக்கிறது. ஆயினும் தமிழ் அலுவலகத்தில் தலைப்பு நடுவுக்கு வருவது ஸ்பேஸ் பாரைத் தட்டியே. கட்டைவிரல் சீராகத் தட்டிக்கொண்டே போக, தட்டுபவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து ஒற்றைக்கண்ணால் அளந்து, “இன்னும் ரெண்டு” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார். கடிதத்தின் வலப்பக்கம் இருக்க வேண்டிய தேதியும், ‘தங்கள் உண்மையுள்ள’ என்ற தொடரும் இவ்வாறே தள்ளிக்கொண்டு போகப்படுகின்றன. அடுத்த பக்கத்துக்குச் செல்லப் பக்க முறிப்பு என்றோர் ஏற்பாடு இருக்க, என்டர் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம் வரும்வரை பொறுமையோடு காத்திருப்பர். இவற்றின் உச்சம் முக்காற்புள்ளிகளின் அணிவகுப்பு. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, நிரந்தர முகவரி எனச் சொற்கள் நீண்டும் குறுகியும் இருக்க, அவற்றுக்கு எதிரேயுள்ள முக்காற்புள்ளிகள் மட்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும் என்பது எழுதப்படாத அரசாணை. இதற்கெனவே உள்ள டேப் விசையை ஒருமுறை தொட்டால் போதும் என்றாலும், ‘பெயர்’ என்பதற்குப் பின் இருபத்தெட்டு இடைவெளியும் ‘நிரந்தர முகவரி’ என்பதற்குப் பின் ஒன்பதும் இட்டு, கடைசி முக்காற்புள்ளி மட்டும் அரை எழுத்தளவு விலகி நிற்கும்போது அதையும் சகித்துக்கொள்ளும் மனப்பக்குவம் நம்மவர்க்கு உண்டு. அத்தகைய கோப்பைத் திறந்து கன்ட்ரோல்-எஃப்10ஐ அழுத்தினால், லிப்ரே ஆபீஸ் மறைகுறிகளை வெளிக்காட்டி ஒவ்வோர் இடைவெளியையும் ஒரு சிறு புள்ளியாகக் காண்பிக்கும். பக்கம் முழுவதும், புள்ளி வைத்துவிட்டு இழை போட மறந்துபோன கோலமாகக் காட்சி தரும்.

இப்பழக்கத்தின் வேரைத் தேடினால் தட்டச்சுப் பயிற்சி நிலையங்களுக்கே செல்ல வேண்டியிருக்கிறது. ஆர். முத்தையா தமிழுக்கு உருவாக்கிக் கொடுத்த தட்டச்சுப் பொறியாகட்டும், ஆங்கிலப் பொறியாகட்டும், விசையைத் தட்டியதும் உருளை ஒரே அளவாகவே நகரும். ஆகவே எண்ணித் தட்டுவது அங்கு முறையான அறிவியல். தலைப்பின் எழுத்துகளை எண்ணி, தாளின் நடுவிலிருந்து இரண்டு எழுத்துக்கு ஒரு தட்டு வீதம் பின்னோக்கி வர வேண்டுமெனக் கற்பிக்கப்பட்டது. லோயர், ஹையர் தேர்வுகளில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்தது. பொறி பழைய இரும்புக்குப் போய்விட்டது, கட்டைவிரல் போகவில்லை. பொறியைக் கண்ணால்கூடக் கண்டிராத இளைஞரும் இதையே செய்வதால் இது கற்றுவந்த பழக்கமா, பரம்பரைக் கூறா என்பது தனி ஆய்வுக்குரியது. அவ்வாய்வுக்கு நிதி கிடைத்தால் தலைமை தாங்க இக்கட்டுரையாளர் ஆயத்தமாக இருக்கிறார்.

கணினியின் எழுத்துருவில் நிலைமை வேறு. அங்கு ஒவ்வோர் எழுத்துக்கும் தனி அகலம் உண்டு. ‘ர’ ஒடுங்கி நிற்கும், ‘ணௌ’ மூவர் இருக்கையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கணினியில் லதா எழுத்துருவில் தட்டிய கோப்பை, லதா இல்லாத லினக்ஸ் கணினியில் திறந்தால், லோகித் போன்ற வேறொரு தமிழ் எழுத்துரு அவ்விடத்தில் அமர்கிறது. அகலங்கள் மாறுகின்றன, எண்ணி வைத்த இடைவெளிகள் பொய்யாகின்றன, தேதி அடுத்த வரிக்கு இறங்குகிறது. ஆங்கிலத்துக்கு ரெட் ஹேட் நிறுவனம் 2007இல் லிபரேஷன் எழுத்துருக்களை வெளியிட்டு, டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல் முதலியவற்றின் அகலத்தை அப்படியே அவற்றில் அமைத்துத் தந்தது. தமிழ் எழுத்துகள் அவற்றில் இல்லை. இதனோடு, லிப்ரே ஆபீசின் பாணி அமைப்பில் தமிழுக்கான எழுத்துரு தனிப் பகுதியில் இருப்பதால், ஆங்கிலத்துக்கான பகுதியில் எதைத் தேர்ந்தாலும் தமிழ் அசைந்து கொடுக்காது. இக்குறையைக் கட்டற்ற மென்பொருளின் கணக்கிலேயே எழுதலாம். மற்றதையெல்லாம் கட்டைவிரலின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஆனால் பழி விழுவது எப்போதும் மென்பொருள் மீதே. அண்மையில் ஒரு கருத்தரங்கக் குழு, தான் வகுத்த மாதிரிப் படிவத்திலேயே கட்டுரைகள் அமைய வேண்டுமெனக் கோப்பு ஒன்றை அனுப்பியிருந்தது. அதைத் திறந்தபோது கருத்தரங்கின் தலைப்பு இரண்டாய் உடைந்து நின்றது, இலச்சினை இரண்டாம் பக்கத்தில் தனித்துக் கிடந்தது, முக்காற்புள்ளிகள் ஆளுக்கொரு திசையில் போயிருந்தன. மறைகுறிகளை வெளிக்காட்டியபோது முதல் பக்கத்தில் எழுத்துகளைவிடப் புள்ளிகளே மிகுதி. அப்படிவத்தில் தம் கட்டுரையை இட்டு அனுப்பிய இக்கட்டுரையாளருக்கு, “அலைன்மென்ட் சரியில்லை, ஒரிஜினல் வேர்டில் அனுப்பவும்” என்று மறுமொழி வந்தது. தொலைபேசியில் விளக்க முற்பட்டபோது, “சார், ஓசியில வர்றதெல்லாம் இப்படித்தான் சார் இருக்கும்” என்று பரிவோடு சொன்னார்கள். தவறு எங்கிருக்கிறது என்பதைப் புள்ளிகளை வட்டமிட்டுக் காட்டிய படத்துடன் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை.

ஆவண வடிவங்கள் பற்றிய சர்வதேசத் தரங்களும் இங்கு உதவுவதில்லை. கட்டற்ற மென்பொருளார் பேணும் ஓ.டி.எஃப். வடிவம் 2006இலும், மைக்ரோசாப்ட் முன்வைத்த ஓ.ஓ.எக்ஸ்.எம்.எல். வடிவம் 2008இலும் உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் ஏற்பைப் பெற்றன. பின்னதன் விவரக்குறிப்பு ஏறத்தாழ 6,000 பக்கம். அத்தனை பக்கமும் சேர்ந்து, இருபத்தெட்டு இடைவெளியை இருபத்தெட்டு இடைவெளியாகவே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வழி செய்கின்றன. வேர்ட் வடிவில் சேமிக்க முற்படும் ஒவ்வொரு முறையும், ஓ.டி.எஃப்.பில் சேமித்தால் நல்லதல்லவா என லிப்ரே ஆபீஸ் ஒரு பெட்டி திறந்து கேட்பதும் உண்டு. மீண்டும் கேட்காதே எனச் சொல்ல வழியிருந்தும் இக்கட்டுரையாளர் அதைப் பயன்படுத்துவதில்லை. அவருடைய கருத்தைக் கேட்டுச் செய்பவர் வேறு எவரும் இப்போது இல்லை.

பணக்கணக்குக்கு வருவதற்குள் பி.டி.எஃப். பற்றி ஒரு சொல். அச்சில் எப்படி இருக்குமோ அப்படியே, எழுத்துருவையும் உள்ளே வைத்துக்கொண்டு எங்கும் ஒரே தோற்றம் தரும் இவ்வடிவத்தை அடோபி 1993இல் வெளியிட்டது. இதிலேயே கட்டுரையை அனுப்பினால் சிக்கல் தீரும் என்று கருதி அனுப்பப்பட்டது. குழுவின் தட்டச்சர் அதிலிருந்து எழுத்துகளை நகலெடுத்து வேர்டில் ஒட்ட, ‘கொள்கை’ என்பது ‘ெகாள்ைக’ என்று ஆகி, கொம்புகள் எழுத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டன. பார்வைக்கு வந்த மெய்ப்பில் கொம்புகள் இன்னும் திரும்பவில்லை. தலைப்பு மட்டும், எவ்வழியில் என்று சொல்லத் தேவையில்லை, நடுவுக்குக் கொண்டுவரப்பட்டிருக்கிறது. தொகுப்பு நூல் இவ்வடிவிலேயே அச்சுக்குப் போகிறது, கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என அறிவித்துவிட்டார்கள். வெளியீட்டு விழாவுக்கு இக்கட்டுரையாளர் செல்வதாக இல்லை.