தே-ஓ கோசோங் மட்டும் போதுமா?

பத்து வருடமாக நீரிழிவு. இப்போது கோப்பிக் கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே-ஓ கோசோங்தான். என் சிறுநீரகம் தப்பித்துவிடும்தானே? – ஈசூன் வாசகி

சர்க்கரையை விட்டது பெரிய காரியம் அம்மா. இனி உப்பைப் பாருங்கள். 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, சிங்கப்பூரில் ஒருவர் நாளுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2,000. அது ஒரு தேக்கரண்டி உப்பு, 5 கிராம். குழம்பு, ரசம், ஊறுகாய், வெளியே வாங்கும் மீ கோரெங் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். உப்பு கூடினால் ரத்த அழுத்தம் ஏறும். ஏற்கெனவே சர்க்கரையால் நைந்திருக்கும் சிறுநீரக வடிகட்டியிலிருந்து புரதம் கசியும். அந்தக் கசிவைக் குறைக்க லொசார்டன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா? உப்பைக் குறைத்தால் அந்த மாத்திரையும் நன்றாக வேலை செய்யும்.

ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டை விட மனமில்லை. எதைத் தள்ளுவது? – தோ பாயோ வாசகர்

அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் மூன்றையும் தள்ளுங்கள். மீன் தலைக் கறியில் மீனைச் சாப்பிடுங்கள். குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ரசத்தைக் கிண்ணத்தில் வாங்கிக் குடிக்கவேண்டாம். இரண்டாம் முறை சோறு வந்தால் கையை நீட்டி மறித்துவிடுங்கள். வீட்டில் கருவாடும் நெத்திலிச் சம்பாலும் எப்போதாவது போதும்.

குறைந்த சோடிய உப்பு வாங்கலாமா? – செங்காங் வாசகி

சிறுநீரகம் நலமாக உள்ளவர்கள் வாங்கலாம். சுகாதார மேம்பாட்டு வாரியமும் ஊக்குவிக்கிறது. ஆனால் அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது. பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறும்; இதயத் துடிப்பே தடுமாறலாம். மருத்துவரைக் கேட்காமல் நோயாளியின் சமையலில் சேர்க்காதீர்கள்.

அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு என்றதும் பருப்பு, முட்டை, கோழி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். சரிதானே? – உட்லண்ட்ஸ் வாசகர்

சரியில்லை தம்பி. இன்றே அவர் தட்டில் பருப்பை வையுங்கள். டயாலிசிஸ் நிலைக்கு வராதவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது மருத்துவ வழிகாட்டி. 60 கிலோ எடைக்கு 48 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு குவளைப் பாலில் 8 கிராம் என்று கணக்கு ஓடும். அளவு மீறக்கூடாது, அதற்காகப் பட்டினி போட்டால் தசை கரையும், வயதானவர் விழுவார். டயாலிசிஸ் தொடங்கியவருக்கோ இன்னும் கூடுதலாக, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை. பக்கத்து வீட்டுக்காரரின் உணவுப் பட்டியல் உங்கள் அப்பாவுக்கு உதவாது. மருத்துவமனை உணவு ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.

ஆட்டிறைச்சி? – தேக்கா வாசகர்

குறையுங்கள். சிங்கப்பூர்ச் சீனர் சுகாதார ஆய்வு 63,257 பேரைச் சராசரியாக 15 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. செந்நிற இறைச்சியை மிக அதிகம் உண்ட கால் பங்கினருக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிடச் சிறுநீரகம் செயலிழக்கும் அபாயம் சுமார் 40 விழுக்காடு அதிகம் என்று 2017ல் அதன் முடிவு வெளியானது. மீன், கோழி, முட்டை உண்டவர்களிடம் அந்த அபாயம் தெரியவில்லை. ஆய்வில் பங்கேற்றவர்கள் உண்ட செந்நிற இறைச்சி பெரும்பாலும் பன்றியிறைச்சி. ஆய்வும் தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. இருந்தாலும் ஆட்டுக்கறி பிரியாணியைத் தீபாவளிக்கென்று வைத்துக்கொள்வதில் நமக்கு நட்டமில்லை.

இளநீரும் நட்சத்திரப் பழமும் இயற்கைதானே? – ஜூரோங் வாசகி

இளநீரில் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியவர்கள் தவிர்க்கவேண்டும், மற்றவர்கள் அஞ்சவேண்டாம். நட்சத்திரப் பழம் வேறு கதை. சிறுநீரகம் பழுதானவருக்கு அதன் நச்சு மூளையைத் தாக்கும். விக்கலில் தொடங்கி, வலிப்பு, மரணம் வரை போனதுண்டு. ஒரு துண்டுகூட வேண்டாம்.

மருந்தை மாற்றவில்லை, சர்க்கரை மட்டும் தானாக இறங்குகிறது. குணமாகிறதோ? – அங் மோ கியோ வாசகர்

மகிழ்வதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள் ஐயா. இன்சுலினை உடலிலிருந்து நீக்குவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்குண்டு. அது தளர்ந்தால் இன்சுலின் நெடுநேரம் தங்கி, சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரியும்.

எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. சோதனை எதற்கு? – பொங்கோல் வாசகர்

தொந்தரவு தெரிவதற்குள் சிறுநீரகம் பெரும்பகுதி போயிருக்கும். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்போரில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு நீரிழிவுதான் காரணம். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு என்று 2017 தேசிய தினப் பேரணியில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். அது நம் அண்ணன், அத்தை, மாமாவைப் பற்றிய கணக்கு. மாத்திரையை விடாமல், உணவையும் திருத்தினால் நோயின் வேகத்தைக் குறைக்கலாம்; தொடக்கத்திலேயே திருத்தினால் பலன் அதிகம். ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரில் ஆல்புமின் அளவு, ரத்தத்தில் சிறுநீரகச் செயல்திறன் அளவு இரண்டையும் பார்க்கவேண்டும். அடுத்த முறை பலதுறை மருந்தகம் போகும்போது அந்த இரண்டு எண்களையும் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.