கேஸ் நம்பர்காரர்

அண்ணா சாலைப் பக்கம் எந்த லேப்டாப் சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு பரிதாபமாக முழிக்கிறவர் அல்ல, அவர் புதுசு. நான் சொல்லும் ஆள் செக்யூரிட்டியிடம் வீட்டு நலம் விசாரிப்பார். ஏசி காற்று எந்த நாற்காலியில் விழும் என்று தெரிந்து அதில் அமர்வார். மடியில் லேப்டாப்பைவிடக் கனமாக ஒரு ஃபைல். பெயரைக் கேட்டால் கேஸ் நம்பரைச் சொல்வார்.

ஃபைலின் முதல் பக்கத்தில் பில்லின் நகல், லேமினேஷன் செய்தது. (அசல், பீரோவில் பத்திரங்களோடு இருக்கிறது.) பிறகு தேதிவாரியாக ஜாப் ஷீட்டுகள். எல்லாவற்றிலும் ஒரே வரிக்கு அடியில் சிவப்பு மை: ‘கஸ்டமர் சொல்லும் குறை காணப்படவில்லை.’

குறை நிஜம்தான். மதர்போர்டிலிருந்து திரைக்குப் படத்தைக் கொண்டுபோகும் மெல்லிய கேபிள், கீல் வழியாகத்தான் ஓடுகிறது. மூடித் திறந்து மூடித் திறந்து அது நைந்துவிட்டால், ஒரு குறிப்பிட்ட சாய்வில் மட்டும் திரையில் கோடு கோடாக விழும். சற்று நிமிர்த்தினால் பளிச்சென்று ஆகிவிடும். நம்மவருடையது 110 டிகிரியில் கோடு போடும் ஜாதி. கவுன்டரில் இருக்கும் பெண்ணோ 90-ஐத் தாண்டித் திறப்பதே இல்லை.

“நல்லாத்தானே சார் வருது?”

“இன்னும் கொஞ்சம் சாய்ங்கம்மா.”

“ரொம்பச் சாய்ச்சா ஹிஞ்ச் உடைஞ்சிரும் சார். அப்புறம் ஃபிசிக்கல் டேமேஜ்னு ஆயிடும், வாரண்டில வராது.”

அதற்குப் பிறகுதான் அவர் மகளின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்துவர ஆரம்பித்தார். விளிம்பில் வைத்து அளந்து, “110. இப்ப பாருங்க” என்பார். சனியன், அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்‌ஷன் நாளில் கடைசி பெஞ்ச் பையன்போல ஒழுங்காக இருக்கும். வீடியோ காட்டுவார். வீடியோ செல்லாது, இன்ஜினீயர் கண்ணால் பார்க்க வேண்டும். இன்ஜினீயர் இருப்பது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். அவர் ஒரே ஒரு தடவை வெளியே வந்தார், கோட்டையும் பார்த்தார், தீர்வும் சொன்னார்: “90லயே வச்சு யூஸ் பண்ணுங்க சார்.”

கம்பெனி ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். விண்டோஸை அழித்து மறுபடி போட்டார்கள். அதில் மகளின் பிறந்தநாள் படங்கள் போயின. டேட்டாவுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்பது ஜாப் ஷீட்டின் பின்பக்கம் பூதக்கண்ணாடிக்கு வேலை கொடுக்கும் எழுத்தில் இருக்கிறது. அப்புறம் மதர்போர்டையே மாற்றினார்கள். கேபிளை மட்டும் மாற்றவில்லை.

லேப்டாப் கைக்கு வருமுன்னே ‘உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வந்துவிடும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு போன்: “சர்வே லிங்க் வரும் சார், 10-க்கு 10 போட்டுருங்க சார்.” இந்த இடத்தில்தான் நம்மவர் சிங்கம். 9-ம் 10-ம்தான் பாராட்டு, 7-ம் 8-ம் எந்தப் பக்கமும் சேராது, 6-ம் அதற்குக் கீழும் வசவு என்ற கணக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் போடுவது எப்போதும் 8. ஏன் என்று கேட்டதற்கு, “10 போட்டா கேஸை மூடிருவான். 2 போட்டா மேனேஜர் போன் பண்ணி ரிப்பேர் பண்ணித் தந்துருவான். 8 போட்டாத்தான் என்ன பண்றதுன்னு தெரியாம ஓபன்ல வச்சிருப்பான்” என்றார்.

பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கு அவர் இலவச வக்கீல். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பார். 2019 சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் மனுக்கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட வேண்டும், 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் 5 மாதம் என்று பிசிறில்லாமல் ஒப்பிப்பார். அவர் பேச்சைக் கேட்டு மனுப் போட்டவர்கள் உண்டு. “நீங்க ஏன் சார் போடல?” என்றால், “போடலாம்... இன்னும் ஒரு ஜாப் ஷீட் சேரட்டும்” என்று ஃபைலைத் தடவிக் கொடுப்பார். தீர்ப்பு வந்துவிட்டால் வியாழக்கிழமைகளை என்ன செய்வது என்ற கவலை அந்த விரல்களில் தெரியும்.

வாரண்டி முடிந்தது. காலத்துக்குள் பதிவான புகார், ஆகவே கேஸ் முடியவில்லை என்பது அவர் கட்சி. மைத்துனனுக்கு இந்தச் சட்ட நுணுக்கம் பிடிபடவில்லை. ஒருநாள் அவரையும் லேப்டாப்பையும் பைக்கில் ஏற்றி ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோய்விட்டான். நரசிங்கபுரம் தெருப் பக்கம், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய ஒரு கடை. காதில் பாட்டு மாட்டியிருந்த பையன் மாடலைப் பார்த்தான், “டிஸ்ப்ளே கேபிள்ணே” என்றான், கழற்றினான், பக்கத்துக் கடையில் ஒரு கேபிள் வாங்கி மாட்டினான். டீ வருவதற்குள் வேலை முடிந்தது.

நம்மவர் கோணமானியை வைத்தார். 110. கோடு இல்லை. 120, 130. இல்லவே இல்லை. மைத்துனன் பணத்தை எடுத்துக்கொண்டிருந்தான். இவருக்கு முகம் வெளிறிவிட்டது.

“தம்பி, அந்தப் பழைய கேபிள் எங்கப்பா?”

“குப்பைல போட்டேண்ணே.”

குனிந்து தேடி எடுத்துத் துடைத்து அவனிடமே நீட்டினார்.

“இதையே திரும்ப மாட்டிக் குடுத்துரு. வியாழக்கிழமை எனக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கு.”