கேட் கொண்டி: நெய்தலின் விடுபட்ட கருப்பொருள்

திணைகளுக்குரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்திய தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று எட்டைச் சொல்லிவிட்டு, இவ்வகையைச் சேர்ந்த பிறவும் உண்டு என்று ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். அந்த வாசலுக்கு கேட் போட்டவர்கள் பின்னால் வந்த நாம். கேட்டுக்குக் கொண்டி வைத்தவர்களும் நாமே. அந்தக் கொண்டி கடலோரமான நெய்தல் நிலத்தில் துருவேறி நிற்கிறது. உரையாசிரியர்கள் காலத்து வீடுகளுக்கு இரும்பு கேட் கிடையாது. அவர்கள் பேசாமல் விட்டதை மன்னிக்கலாம். நமக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு வீடு கடலோர வீடா என்பதைத் தீர்மானிக்கும் தகுதி பத்திரத்துக்கும் இல்லை, வரைபடத்துக்கும் இல்லை, அவ்வீட்டு கேட்டின் கொண்டிக்கே உண்டு என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் சென்னை திருவான்மியூரின் வால்மீகி நகர். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் அடங்கிவிடும் சின்னக் குடியிருப்பு. அங்கே 'சீவார்ட் ரோடு' என்று வரிசை எண் போட்ட சாலைகள் இருக்கின்றன. கடலை நோக்கி என்று பெயரிலேயே சொல்லிவிடுவதால் அந்தச் சாலையில் எந்த முனையில் வீடு வாங்கினாலும் கடலையும் சேர்த்து வாங்கியதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. வீட்டுத் தரகர்கள் இதற்கென்றே ஓர் அலகு வைத்திருக்கிறார்கள்: "பீச் நடக்குற தூரம்தான் சார்." யார் நடக்கிற தூரம் என்பது சொல்லப்படுவதில்லை. சட்டம் இன்னும் கொஞ்சம் கறாரானது. 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் என்று எல்லை போட்டது. ஆனால் அது எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பதற்கான எல்லை. கடல் அதைப் படித்துப் பார்த்துவிட்டு 500-ஆவது மீட்டரில் திரும்பிப் போவதில்லை.

கடல் எப்படி வீட்டுக்கு வருகிறது என்பதைப் பார்த்தால் கொண்டியின் அருமை புரியும். கரையில் அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகளைக் காற்றில் ஏற்றுகின்றன. நண்பகலை ஒட்டிக் கிளம்பும் கடற்காற்று அவற்றைத் தெருவுக்குள் கொண்டுவருகிறது. (நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, பொழுது சாயும் நேரம் என்பதை இங்கே நினைவூட்டுவது கடமை.) படிந்த உப்பு இரவு ஈரத்தை உறிஞ்சிக் கசிகிறது, அந்த உப்பு நீர்ப் படலத்தின் அடியில் இரும்பு கரைந்து துருவாகிறது. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே உப்பின் அளவு மளமளவென்று சரிந்துவிடும். நடுவில் நாலு மாடி அடுக்ககம் ஒன்று நின்றால் அதன் முதுகில் இருப்பவருக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. ஆக, மீட்டரில் சமமாக இருக்கும் இரு வீடுகள் உப்பில் சமமாக இருக்க வேண்டியதில்லை. இது விளையாட்டுக் கணக்கு அன்று. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் 9223 எண் தரநிலை ஊர்க் காற்றையே அதன் அரிக்கும் குணத்தை வைத்துத் தரம் பிரிக்கிறது: முதல் ஆண்டில் சாதாரண இரும்பு 1.3 மைக்ரானுக்கு மேல் தேயாவிட்டால் சி1. 80 முதல் 200 மைக்ரான் வரை தேய்ந்தால் சி5. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் நிறுத்தி இந்தத் தேய்மானத்தைக் கவனித்துவருகிறது. பக்கத்திலேயே 1914-இல் திறந்த பாம்பன் பாலம், அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திக்கொண்டது. வால்மீகி நகருக்குத் தகடும் வேண்டாம், பாலமும் வேண்டாம். வீட்டுக்கு வீடு கொண்டி இருக்கிறது.

ஜன்னல் கம்பி இருக்க, ஏசி ஸ்டாண்டு இருக்க, ஏன் கொண்டி என்று கேட்கலாம். ஜன்னல் கம்பியைப் பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ட் காப்பாற்றுகிறது. கொண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பால்காரர், பேப்பர்காரர், கூரியர், குப்பை வண்டி என்று நாளொன்றுக்குப் பலர் அதை இழுத்துத் தள்ளுவதால், அது துளைக்குள் நுழையும் இடத்தில் பெயின்ட் என்பது ஒரு வாரத்துப் பேச்சு. வெறும் இரும்பு நாள்தோறும் புதிதாக உரசப்பட்டு நாள்தோறும் புதிதாக உப்பை வாங்குகிறது. துருவோ தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் இடம் அடைக்கும் பொருள். ஆகவே கொண்டி முதலில் இறுகும், பிறகு எண்ணெய் கேட்கும், பிறகு எண்ணெய்க்கும் மசியாது. கடைசியில் கேட்டையே இரு கையாலும் சற்றுத் தூக்கினால்தான் அசையும். இந்தக் கடைசிப் படியை எட்டிய வீடுகளில் மாடியிலிருந்து "கொஞ்சம் தூக்கித் தள்ளுங்க" என்று குரல் வரும். தூக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரிந்தவர் உறவினர். சொன்ன பின் தூக்குபவர் விருந்தினர். சொல்லியும் உதைப்பவர் விற்பனைப் பிரதிநிதி. அப்போது கீலிலிருந்து எழும் நீண்ட ஓலத்தைக் கேட்டவர்கள், நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று வகுத்தது எவ்வளவு பொருத்தம் என்று ஒப்புக்கொள்வார்கள்.

இதற்கு வரும் முதல் மறுப்பு: துரு என்பது கடலின் வேலையன்று, வீட்டுக்காரரின் சோம்பல், கடலுக்குத் தள்ளியிருக்கும் தாம்பரத்திலும் இரும்பு துருப்பிடிக்கத்தானே செய்கிறது? பிடிக்கிறது. ஆனால் இடம் பார்க்க வேண்டும். உள்ளூர்த் துரு மழைநீர் தேங்கும் இடத்தில், கேட்டின் அடிக்கம்பியில் தொடங்கும். கடல் துருவோ சன்ஷேடுக்கு அடியில், ஒரு சொட்டு மழை படாத மூலையில்கூடச் செழிக்கும். அங்கே படிந்த உப்பைக் கழுவ மழையும் வராது என்பதே காரணம். சோம்பலுக்கு இவ்வளவு நுட்பம் கிடையாது. இரண்டாவது மறுப்பு எவர்சில்வர் கேட்காரர்களுடையது. என்றென்றும் வெள்ளி என்று பெயர் வைத்துக்கொண்ட அந்த உலோகத்திலும் உப்பு டீ சிந்தியதுபோல் பழுப்புக் கறையைப் போட்டுவிடுகிறது. மாலிப்டினம் கலந்த 316 ரகம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், உண்மை. அதை வாங்க முடிந்தவர் தம் கடலோரத்தன்மையைக் காசு கொடுத்து மறைக்கிறார் என்பதே நம் முடிபு. பெயின்ட் கட்சியினருக்கு ஒரு வார்த்தை: துருவை மறைக்க முதல் கோட்டாக அடிக்கும் ரெட் ஆக்சைடின் நிறமி இரும்பு ஆக்சைடுதான். துருவின் மேல் அதன் பங்காளியைப் பூசிவிட்டுச் சண்டை தீர்ந்தது என்கிறோம்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. வால்மீகி நகரைவிடக் கடலுக்கு நெருக்கமாக, மணலிலேயே, திருவான்மியூர்க் குப்பமும் கொட்டிவாக்கம் குப்பமும் இருக்கின்றன. அங்கே பல வீடுகளுக்கு கேட்டே கிடையாது. கொண்டி இல்லாதவர் கடலோரவாசி இல்லை என்று எந்த ஆய்வாளர் சொல்லத் துணிவார்? அதைவிடத் தர்மசங்கடம் கட்டுமரம். மரங்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய அந்தக் கலத்தில் இரும்பு ஆணிக்கு வேலையே இல்லை. இன்றைய ஃபைபர் படகும் உடம்பைப் பொறுத்தவரை துருவுக்கு இரை தருவதில்லை. நம் அளவுகோல்படி வரைபடம் போட்டால், சாலையிலிருந்து கிழக்கே போகப் போக ஏறிக்கொண்டே வரும் கோடு, மணலில் கால் வைத்ததும் சுழியத்துக்கு விழுகிறது. அளவுகோல் பிழையா, அல்லது கடலுக்கு எதிரே கொண்டி போட்டவர்களை மட்டும் அளப்பதுதான் அதன் இயல்பா என்பதை அடுத்த ஆய்வாளர் வந்துதான் சொல்ல வேண்டும். வரும்போது அவர் கேட்டைக் கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டியிருக்கும்.